சிறுபான்மை இன வளரிளம் பருவத்தினரின் உணவும் உடல் இயக்கமும்: முரண்படும் ஆய்வு முடிவுகளை எப்படி வாசிப்பது?

கேள்வி: வாசிப்பறை

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக, அமெரிக்காவில் வாழும் கருப்பின, ஹிஸ்பானிக், பூர்வகுடி வளரிளம் பருவத்தினரின் உணவு, உடல் இயக்கம், உடல்நலப் பழக்கங்கள் ஆகியவை பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளை வாசித்துத் தொகுத்து வருகிறேன். புதிதாகத் தரவு சேகரிக்கும் எண்ணம் இல்லை. இருக்கின்ற ஆய்வுகளை முறையாக மதிப்பிட்டு எழுதுவதே என் வேலை. வாசிக்க வாசிக்க இரண்டு இடங்களில் மேலே நகர முடியாமல் நிற்கிறேன்.

முதலாவது, உடல் இயக்கம் பற்றியது. அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், 9, 10 வயதுச் சிறுமியர் 2,379 பேர் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கருப்பினத்தவர், மற்றவர்கள் வெள்ளையினத்தவர். 16, 17 வயதை எட்டும்போது கருப்பினச் சிறுமியரில் 56 விழுக்காட்டினரும் வெள்ளையினச் சிறுமியரில் 31 விழுக்காட்டினரும் ஓய்வு நேரத்தில் வழக்கமான உடல் இயக்கம் எதுவுமே இல்லாதவர்களாக இருந்தார்கள் என்று 2002இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அதன் பிறகு வந்த கட்டுரைகள் பலவும் இந்த எண்களை மேற்கோள் காட்டியே தொடங்குகின்றன. ஆனால் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில் 2003 முதல் 2006 வரை இடுப்பில் அணியும் அசைவுமானி கொண்டு அளந்த தரவுகளைப் பார்த்தால், கருப்பின இளையோர் வெள்ளையின இளையோரைவிடக் குறைவாக இயங்குவதாகத் தெரியவில்லை. சில பகுப்பாய்வுகளில் சற்றுக் கூடுதலாகவே இயங்குகிறார்கள். இரண்டில் எதை நம்புவது?

இரண்டாவது, பழக்கங்களை மாற்ற முயன்ற பெரிய சோதனைகள் பற்றியது. நல்ல திட்டமிடல், போதுமான நிதி, தேர்ந்த ஆய்வாளர்கள் என எல்லாம் இருந்தும், அவற்றில் பெரும்பாலானவை உடல் நிறை எண்ணில் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காட்டவில்லை. இந்த முடிவுகளுக்கு விளக்கம் சொல்லும் இடத்தில், ஏராளமான கட்டுரைகள் ‘கலாச்சாரக் காரணிகள்’ என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகின்றன. நானும் அப்படியே எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: எண்ணும்எழுத்தும்

வணக்கம். தங்களுடைய முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் வேலை அளவீடு சார்ந்தது. அந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று தாங்கள் கருதத் தேவையில்லை. அவை இரண்டு வெவ்வேறு பொருள்களை அளந்தன. தாங்கள் குறிப்பிட்ட 56, 31 என்ற எண்கள் ஓய்வு நேர இயக்கத்தைப் பற்றியவை. விளையாட்டு, நடன வகுப்பு, நீச்சல் போன்று ஒருவர் தாமே நேரம் ஒதுக்கி, பெரும்பாலும் பணமும் செலவிட்டுச் செய்பவற்றை அந்த அளவு நன்றாகப் பிடிக்கும். பள்ளிக்கு நடந்து போவது, பேருந்து நிறுத்தத்துக்கு விரைவது, தம்பி தங்கையரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, பகுதிநேர வேலையில் நின்றுகொண்டே பொழுதைக் கழிப்பது ஆகியவற்றை அது பிடிக்காது. அசைவுமானிக்கு இந்த வேறுபாடு தெரியாது. உடல் எதற்காக அசைந்தாலும் அது எண்ணிக்கொள்ளும்.

ஆகவே முதல் ஆய்வு நமக்குச் சொல்வது ‘கருப்பினச் சிறுமியர் இயங்குவதில்லை’ என்பதன்று; பதின்ம வயதின் நடுப்பகுதியில் அவர்களுக்கு ஓய்வு நேர விளையாட்டும் பயிற்சியும் பெருமளவு அற்றுப்போகின்றன என்பதே. அந்தச் செய்தி உண்மையானது, கவலைக்குரியது. அதற்கான காரணத்தைத் தேடுவதும் வேறு திசையில் போக வேண்டியது. அதே கட்டுரை, இயக்கம் குறைவதோடு தொடர்புடையனவாகப் பெற்றோரின் குறைந்த கல்வியையும் கூடுதல் உடல் நிறை எண்ணையும் காட்டுகிறது. கருப்பினச் சிறுமியரிடம் கர்ப்பமும் வெள்ளையினச் சிறுமியரிடம் புகைபிடித்தலும் தனித்தனியே தொடர்பு கொண்டிருந்தன என்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் தலைப்பு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அதற்காக அசைவுமானியைத் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இடுப்பில் அணியும் கருவி மிதிவண்டி ஓட்டுவதையும் எடை தூக்குவதையும் மிகக் குறைவாகவே பதிவு செய்யும். நீந்தும்போது பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும் என்பது பொதுவான விதி. அப்படிப்பட்ட நாள்கள் குறைந்தது நான்கு வேண்டும் என்பார்கள். பதின்ம வயதினர் பலர் இந்த விதியை நிறைவு செய்வதில்லை. விடுபட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைக் கட்டுரை சொல்கிறதா என்று பாருங்கள். அது சொல்லப்படாத இடத்தில் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவதற்குப் பொருளில்லை.

‘மிதமானது முதல் கடுமையானது வரை’ என்ற எல்லை எங்கே வரையப்பட்டது என்பதும் முடிவைப் புரட்டிப்போடும். 2003–04 தரவுகளைக் கொண்டு 2008இல் வெளியான பகுப்பாய்வு, 6 முதல் 11 வயது வரையுள்ளவர்களில் 42 விழுக்காட்டினரும், 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் சுமார் 8 விழுக்காட்டினரும் மட்டுமே நாளொன்றுக்கு 60 நிமிடம் என்ற பரிந்துரையை எட்டினார்கள் என்று கண்டது. வேறு வெட்டுப்புள்ளியைப் பயன்படுத்தியிருந்தால் இந்த எண்கள் வேறாக இருந்திருக்கும். மறுபுறம், 1991 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்படும் இளையோர் இடர் நடத்தை ஆய்வில், 2011ஆம் ஆண்டில் 28.7 விழுக்காட்டினர் வாரத்தின் ஏழு நாளும் 60 நிமிடம் இயங்கியதாகத் தாமே கூறினார்கள். ஆண்டுகளும் வயதுகளும் சரியாகப் பொருந்தாவிட்டாலும், இவ்வளவு பெரிய இடைவெளி கருவி மாறியதால் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உணவு பற்றிய அளவீடு இதைவிடக் கடினம். முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவற்றை நினைவுகூரச் சொல்வது, கடந்த மாதத்தில் எதை எத்தனை முறை உண்டீர்கள் என்று பட்டியல் கொடுத்துக் கேட்பது ஆகிய இரண்டுமே வழக்கில் உள்ளன. இரட்டைக் குறியீட்டு நீர் (அணுக்களில் அடையாளமிடப்பட்ட, குடிக்கத் தரும் நீர்) கொண்டு உடல் செலவிடும் ஆற்றலை அளந்து ஒப்பிட்டபோது, வளரிளம் பருவத்தினர் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதும், எடை கூடியவர்களிடம் இந்தக் குறைத்துச் சொல்லல் மேலும் மிகுதி என்பதும் தெளிவாயின. பட்டியல் முறையில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டியலைத் தயாரித்தவர்களின் சமையலறையில் இல்லாத உணவு பட்டியலிலும் இருக்காது. ஒரு சமூகத்தின் அன்றாட உணவு வினாத்தாளிலேயே இல்லாதபோது, அச்சமூகத்துப் பிள்ளைகள் காய்கறி உண்பதில்லை என்று முடிவு வருவதில் வியப்பில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் வினாத்தாள் அந்தக் குழுவிடம் முன்பே சரிபார்க்கப்பட்டதா என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது தவறாமல் கேளுங்கள்.

கடைசியாக உடல் நிறை எண். ஒரே உடல் நிறை எண்ணில் கருப்பின இளையோரின் உடல் கொழுப்பு விழுக்காடு வெள்ளையினத்தவரைவிடச் சராசரியில் குறைவாகவும், தெற்காசிய இளையோரின் கொழுப்பு விழுக்காடு கூடுதலாகவும் இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. கருப்பினச் சிறுமியர் சராசரியாகச் சற்று முன்னதாகவே பூப்பெய்துவதால், ஒரே வயதில் ஒப்பிடுவது ஒரே வளர்ச்சி நிலையில் ஒப்பிடுவது ஆகாது. இதைக் கணக்கில் எடுத்த ஆய்வுகளையும் எடுக்காதவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி: பள்ளிக்கூடச் சாலை

நண்பர் சொன்ன அளவீட்டுச் செய்திகளோடு முழுமையாக உடன்படுகிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நடத்தை மாற்றத் திட்டங்களை வடிவமைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தச் சோதனைகள் ‘தோற்றன’ என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. ஒவ்வொன்றும் எதை மாற்ற முயன்றது, எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்த்தால் அவற்றிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

பூர்வகுடிக் குழந்தைகளுக்கான பாத்வேஸ் என்னும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சமூகங்களில் 41 பள்ளிகள், 1,704 குழந்தைகள், மூன்று ஆண்டுகள் என விரிந்த பெரும்பணி அது. உடல் கொழுப்பு விழுக்காட்டில் வேறுபாடு இல்லை என்று 2003இல் முடிவு வெளியானது. ஆனால் பள்ளி மதிய உணவின் கொழுப்பு அளவு குறைந்தது. குழந்தைகளின் அறிவும் கூடியது. பள்ளிக்குள் மாற்ற முடிந்தது மாறியது, பள்ளிக்கு வெளியே இருந்த நாளின் பெரும்பகுதி மாறவில்லை என்றே நான் இதை வாசிக்கிறேன். (அவர்கள் 3 முதல் 5 வரையான வகுப்புகளில் படித்தவர்கள், வளரிளம் பருவத்துக்கு முந்தையவர்கள் என்பதை ஆய்வேட்டில் குறிப்பிட மறக்க வேண்டாம்.)

ஹெல்தி என்ற பெயரில் 2006 முதல் 2009 வரை நடந்த சோதனை 42 நடுநிலைப் பள்ளிகளில் நிகழ்ந்தது. சிறுபான்மை இனத்தவரோ, இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்களோ குறைந்தது பாதிப்பேர் இருக்கும் பள்ளிகளே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதிக எடையும் உடற்பருமனும் சேர்ந்த விகிதம் சோதனைப் பள்ளிகளிலும் ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் ஒருசேரக் குறைந்ததால் முதன்மை முடிவில் வேறுபாடு இல்லை. ஆயினும் சோதனைப் பள்ளிகளில் இடுப்புச் சுற்றளவும் வெறும் வயிற்று இன்சுலின் அளவும் கூடுதலாக முன்னேறின. முதன்மை முடிவை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்விப் பட்டியலில் எழுதிவிடுவார். இரண்டாம் வகை சர்க்கரை நோயின் முன்னறிகுறிகளைக் கவனிப்பவர் அப்படி எழுதமாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, 8 முதல் 10 வயது வரையான கருப்பினச் சிறுமியருக்காக நடந்த ஜெம்ஸ் ஆய்வுகள். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 261 சிறுமியருடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய பகுதியில், பள்ளி முடிந்த பிறகு ஆப்பிரிக்க மரபு நடனம், ஹிப்ஹாப், காலை மிதித்தும் கைதட்டியும் ஆடும் ஸ்டெப் ஆகியவை கற்பிக்கப்பட்டன. கூடவே, தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் குறைக்கக் குடும்பங்களுக்குத் துணை செய்தார்கள். எடையைக் குறைப்பதற்காக வா என்று யாரையும் அழைக்கவில்லை. ஆடுவதற்கு வா என்றே அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உடல் நிறை எண்ணில் வேறுபாடு இல்லை என்று 2010இல் முடிவு வந்தது. ஆனால் கொலஸ்ட்ரால் அளவும் மனச்சோர்வு அறிகுறிகளும் நடனக் குழுவில் கூடுதலாகக் குறைந்தன. ஒரு சிறுமியின் மனச்சோர்வு குறைந்ததை ‘பயனில்லை’ என்ற தலைப்பின் கீழ் எழுத என்னால் முடியாது.

‘கலாச்சாரக் காரணி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் இறுதியில் கென் ரெஸ்னிகோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பண்பாட்டுப் பொருத்தத்தை இரண்டு தளங்களாகப் பிரித்தார்கள். துண்டறிக்கையில் அந்த இனத்தவரின் படத்தைப் போடுவது, அவர்களுக்குப் பழகிய இசையையும் உணவையும் சேர்ப்பது ஆகியவை மேல்தளம். குடும்பம், சமயம், வரலாறு, பொருளாதார நிலை ஆகியவை ஒருவரின் முடிவுகளை எப்படி வடிவமைக்கின்றன என்பதைத் திட்டத்தின் உள்ளேயே கொண்டுவருவது ஆழ்தளம். மேல்தளப் பொருத்தம் மக்களை வரவேற்கும். மாற்றம் நிகழ வேண்டுமானால் ஆழ்தளம் வேண்டும். பல சோதனைகள் தம்மைப் ‘பண்பாட்டுக்கு ஏற்றவை’ என்று அழைத்துக்கொண்டாலும் மேல்தளத்திலேயே நின்றுவிட்டன.

ஆழ்தளம் என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு செய்தி போதும். கருப்பினச் சிறுமியரிடம் நடந்த குழு உரையாடல்களில், வியர்வையால் தலைமுடி ஒப்பனை கலைந்துவிடும் என்ற கவலை உடற்பயிற்சியைத் தவிர்க்கும் காரணங்களில் ஒன்றாக மீண்டும் மீண்டும் வந்தது. முடியை நேராக்கி ஒழுங்குபடுத்த நேரமும் பணமும் ஆகிறது. பள்ளியில் உடற்கல்வி வகுப்பு நாளின் நடுவில் வருகிறது. அடுத்த வகுப்புக்கு முன் சீர்படுத்திக்கொள்ள நேரமில்லை. இதை ‘அக்கறையின்மை’ என்று எழுதிய வெளியாள், சிறுமியரிடம் ஒருமுறை கேட்டிருந்தால் அட்டவணையை மாற்றச் சொல்லியிருப்பார்.

மறுமொழி: திசைமானி

சுருக்கமாக ஒன்று. ‘ஹிஸ்பானிக்’, ‘ஆசியர்’ என்ற பெயர்களை ஒரு தனிக் குழுவாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளில் கவனமாக இருங்கள். மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா ஆகியவற்றிலிருந்து வந்த குடும்பங்களின் உணவும் வருமானமும் குடியேறிய வரலாறும் ஒன்றல்ல. மங் (தென்கிழக்காசிய மலைப்பகுதி இனத்தவர்), கொரிய, பிலிப்பினோ, இந்தியக் குடும்பங்களை ஒரே பெயரில் அடைத்தால் கிடைக்கும் சராசரி அவர்களில் எவரையும் குறிக்காது. இந்த வகைப்பாடுகளே அரசு வகுத்தவை. 1977இல் வந்த வரையறை 1997இல் திருத்தப்பட்டது, 2024 மார்ச்சில் மீண்டும் திருத்தப்பட்டு, இனத்துக்கும் ஹிஸ்பானிக் மரபுக்கும் தனித்தனியே இருந்த கேள்விகள் ஒன்றாக்கப்பட்டன. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மரபினருக்கும் தனி இடம் தரப்பட்டது. வெவ்வேறு பத்தாண்டுகளின் தரவுகளை அடுக்கி வைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தலைமுறையும் அதே அளவு முக்கியம். வளரிளம் பருவத்தினரைத் தேசிய அளவில் நெடுநாள் தொடரும், 1994–95இல் தொடங்கிய ஆட் ஹெல்த் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 1998இல் வெளியான கட்டுரையில், அமெரிக்காவில் பிறந்த ஆசிய, ஹிஸ்பானிக் வளரிளம் பருவத்தினர், வெளிநாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர்களைவிட இருமடங்குக்கும் மேல் உடற்பருமன் உடையவர்களாக இருந்தார்கள். கலாச்சாரம் தான் காரணம் என்றால், அந்தக் கலாச்சாரத்தோடு மிக நெருக்கமாக இருக்கும் முதல் தலைமுறையிடம் அல்லவா பருமன் மிகுந்திருக்க வேண்டும்?

வாசிப்பறை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஓய்வு நேர இயக்கத்தையும் மொத்த இயக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விளக்கத்திலேயே என் முதல் தடை நீங்கிவிட்டது. அந்த அத்தியாயத்தை அளவீட்டுக் கருவியின் அடிப்படையில் மீண்டும் பிரித்து எழுதப்போகிறேன்.

இப்போது வேறொரு கேள்வி எழுகிறது. இனம் என்ற மாறியின் பின்னால் வருமானம், வாழும் இடம், பள்ளி, விளம்பரம் ஆகியவை நிற்கின்றன என்றால், காரணம் முழுவதும் சுற்றுச்சூழலே என்று எழுதிவிடலாமா? உணவுக் கொள்கையை ஆராயும், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ரட் மையத்தார் வெளியிட்டுவரும் அறிக்கைகளில், துரித உணவு, இனிப்புப் பானம், மிட்டாய் ஆகியவற்றின் விளம்பரங்கள் கருப்பின, ஹிஸ்பானிக் இளையோரைக் குறிவைத்து மிகுதியாகச் செய்யப்படுவதை வாசித்தேன். அதை வாசித்த பிறகு, தனிமனிதப் பழக்கத்தை மாற்றச் சொல்லி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் போய் நிற்பதே நியாயமில்லை என்று தோன்றுகிறது.

மறுமொழி: பள்ளிக்கூடச் சாலை

தங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ‘சுற்றுச்சூழலே’ என்று எழுதினால், கலாச்சாரம் இருந்த இடத்தில் இன்னொரு பெருஞ்சொல்லை வைத்ததாகவே முடியும். எந்தச் சூழல், எந்த வழியாக, யாரிடம் என்று சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் நல்ல கடைகள் குறைந்த பகுதியில் ஒரு புதிய பேரங்காடி திறக்கப்பட்ட பின் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. உணவு கிடைக்கும் வசதி பற்றிய மக்களின் எண்ணம் மேம்பட்டது. ஆனால் பழம், காய்கறி உண்பதும் உடல் நிறை எண்ணும் மாறவில்லை. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், கடை அருகில் வந்தால் உணவு தானே மாறும் என்ற எதிர்பார்ப்பை அது நிறுத்திவைக்கிறது. அந்தக் குடும்பத்தில் சமைப்பதற்கு யாருக்கு நேரம் இருந்தது, மாதக் கடைசியில் கையில் என்ன இருந்தது என்ற கேள்விகளைக் கடையின் தூரம் தீர்ப்பதில்லை.

அதே சமயம், வாழும் இடத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் தற்செயல் அன்று என்பதற்கு வலுவான சான்றும் உண்டு. 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் 4,498 குடும்பங்களைக் கொண்டு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர உதவும் வீட்டு வாடகை உதவிச் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் வழங்கினார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துப் பார்த்தபோது, அந்தச் சீட்டு வழங்கப்பட்ட குடும்பத்துப் பெண்களிடம் கடும் உடற்பருமனும் சர்க்கரை நோயும் சுமார் நான்கு விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தன. யாரிடமும் கலோரி எண்ணச் சொல்லாமலே இது நிகழ்ந்தது. ஆனால் பிள்ளைகளிடம் விளைவு ஒரே மாதிரி இல்லை. குடிபெயர்ந்த சிறுமியரின் மனநலம் மேம்பட்டது, சிறுவரின் மனநலம் தாழ்ந்தது. தங்கள் ஆய்வேட்டில் ஆண், பெண் இருவரையும் சேர்த்து எழுதும் எந்த வாக்கியத்தையும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க இந்த முடிவு ஒன்றே போதுமான காரணம்.

பள்ளி உணவுச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010இல் நிறைவேறி 2012–13 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பள்ளி உணவில் முழுத்தானியம், பழம், காய்கறி ஆகியவற்றைக் கூட்டியது. அதன் விளைவை 2020இல் ஆராய்ந்தவர்கள், எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கையில் உடற்பருமன் போக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும், வறுமையில் வாழும் குழந்தைகளிடம் மட்டும் அந்தப் போக்கு கீழ்நோக்கித் திரும்பியது என்றும் கண்டார்கள். பள்ளி உணவையே மிகுதியாக நம்பி இருப்பவர்கள் அவர்கள்தாம். ஒரு சூழல் மாற்றம் யாருடைய நாளின் எந்தப் பகுதியைத் தொடுகிறதோ அங்கே விளைவைத் தேட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சூழலைப் பேசும்போது, நோய் வந்துவிட்ட பிள்ளையை மறந்துவிடக் கூடாது. 10 முதல் 17 வயது வரை இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்ட 699 பேரைக் கொண்டு நடந்த டுடே ஆய்வில் பெரும்பாலோர் ஹிஸ்பானிக் அல்லது கருப்பினத்தவர். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 51.7 விழுக்காட்டினரிடம் சர்க்கரைக் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. அதோடு தீவிர வாழ்க்கைமுறைப் பயிற்சியும் பெற்றவர்களில் இது 46.6 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் இந்த வேறுபாடு உறுதியானதன்று. இந்த வயதில் வரும் நோய் எவ்வளவு விரைவாக முற்றுகிறது என்பதை 2012இல் வெளியான இந்த முடிவு காட்டியது. ‘நன்றாகச் சாப்பிடு, ஓடியாடு’ என்ற அறிவுரையோடு மட்டும் அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட முடியாது.

மறுமொழி: தாழ்வாரம்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். இதுவரை பேசப்படாத ஒன்றைச் சேர்க்கிறேன். ஆய்வில் பங்கெடுக்க வராதவர்களைப் பற்றி ஆய்வேட்டில் எழுதுவீர்களா? சிறுபான்மைச் சமூகங்கள் ஆய்வுகளில் குறைவாகவே சேர்வதை ‘தயக்கம்’ என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அந்தத் தயக்கத்துக்கு வரலாறு இருக்கிறது.

அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவாசுபாய் மக்கள், தங்களிடையே பரவிவந்த சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி 1990இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்த மாதிரிகளைக் கொடுத்தார்கள். அந்த மாதிரிகள் மனநோய், குடியேற்ற வரலாறு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் அவர்களுக்குத் தெரியாமல் பயன்பட்டதைப் பின்னாளில் அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் வழக்கு முடிவுக்கு வந்தது. உணவும் சர்க்கரை நோயும் பற்றிய ஆய்வு என்ற பெயரிலேயே இது நடந்தது என்பதால், தங்கள் தலைப்போடு இது நேரடித் தொடர்புடையது.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்குக் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு அருகே உள்ள மோஹாக் சமூகமான கானவாகேயைப் பாருங்கள். 1994இல் தொடங்கிய பள்ளிச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தில் சமூகமே ஆய்வின் பங்காளி. சமூக ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. ஆய்வுக்கான நெறிமுறைகளும் எழுத்தில் வகுக்கப்பட்டன. எதைக் கேட்பது, தரவு யாருடையது, முடிவை முதலில் யாரிடம் சொல்வது என்பனவெல்லாம் அங்கே சேர்ந்து முடிவு செய்யப்பட்டவை.

பதின்ம வயதினரைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி உண்டு. அவர்கள் குழந்தைகளும் அல்லர், பெரியவர்களும் அல்லர். பெற்றோரின் ஒப்புதலோடு அவர்களுடைய இசைவும் தேவை. பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் திரும்பி வந்தால்தான் சேர்க்க முடியும் என்ற விதி வைக்கும்போது, இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் தாமாகவே விடுபடுகிறார்கள். அவர்களே ஆய்வுக்கு மிக வேண்டியவர்கள். தொகுப்பில் ஒவ்வொரு ஆய்விலும் எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள். அவை கிடைக்காத கட்டுரைகளில் ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே எழுதுங்கள்.

மறுமொழி: எண்ணும்எழுத்தும்

தாழ்வாரம் சொன்ன மூன்று எண்களோடு ஒரு நடைமுறைக் குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன். பள்ளிகளை அலகாகக் கொண்டு, எந்தப் பள்ளி திட்டத்தைப் பெறும் என்று குலுக்கல் நடத்திய சோதனைகளில், ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதைப் பகுப்பாய்வு கணக்கில் எடுத்திருக்க வேண்டும். எடுக்காத சிறிய சோதனைகள், இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டும். தங்கள் தொகுப்பில் ‘வெற்றி பெற்ற’ சிறிய சோதனைகளையும் ‘மாற்றம் காட்டாத’ பெரிய சோதனைகளையும் எதிரெதிரே வைக்கும் முன் இதைச் சரிபாருங்கள். அந்த முரணில் ஒரு பகுதி இங்கேயே கரைந்துவிடும்.

இனத்தை எழுதும் முறைக்கு என் பரிந்துரை இது. ஒரு கட்டுரை ‘இனம் காரணமாக’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும், அங்கே உண்மையில் அளக்கப்பட்டது என்ன என்று பாருங்கள். குடும்ப வருமானம் அளக்கப்பட்டதா, பிறந்த நாடு கேட்கப்பட்டதா, பள்ளியில் விளையாட்டுத் திடல் உண்டா என்று பார்க்கப்பட்டதா? எதுவும் அளக்கப்படவில்லை என்றால், அந்தக் கட்டுரை வேறுபாட்டைக் கண்டது, காரணத்தைக் காணவில்லை என்றே தங்கள் வாக்கியம் அமையட்டும். பெரிய சோதனைகள் பெரும்பாலானவற்றுக்கு, திட்டம் களத்தில் எப்படி நடந்தது, எத்தனை வகுப்புகள் நடைபெற்றன, பிள்ளைகள் எவ்வளவு வந்தார்கள் என்று விளக்கும் தனிக் கட்டுரைகள் முதன்மை முடிவுக்கு முன்போ பின்போ வெளிவந்திருக்கும். முடிவுக் கட்டுரையோடு அதையும் இணைத்தே வாசியுங்கள். கலாச்சாரம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் பேருந்து நேரம், பூட்டிக் கிடக்கும் உடற்கல்விக் கூடம், பாதியில் வேலையை விட்ட பயிற்றுநர் ஆகியவை அங்கேதான் கிடைக்கும்.